சுள்ளிக்கூடு

தேர்வாளர் அடுத்த மேசைக்கு வந்துவிட்டார்.

மாயக்காள் பரீட்சை அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

முன்னால், ஒரே பூச்சியின் மூன்று பருவங்களுக்காக மூன்று குப்பிகள். ஒன்றில் புழு. ஒன்றில் கூட்டுப்புழு. 'முதிர்பூச்சி' என்று சீட்டு ஒட்டிய மூன்றாவது குப்பி காலி.

பக்கத்தில் கண்ணாடி ஜாடி. வாய்க்குக் கொசுவலைத் துணி கட்டியிருந்தது. உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு சுள்ளிக்கட்டு தொங்கியது. அழகர்கோவில் அடிவாரத்துக் கருவேல மரத்தில் பறித்தவற்றில், குப்பிகளுக்குப் போக மிஞ்சியது. குச்சிகளைத் தன்மேல் ஒட்டிக்கொண்டு உள்ளேயே வாழும் பூச்சி. அன்றைக்கு அது நகர்ந்திராவிட்டால் அவளும் குச்சி என்றுதான் கடந்து போயிருப்பாள்.

விடுதியில் அறைத்தோழி பாக்கியம் கேலி செய்தே தீர்த்தாள். "ஏண்டி, அடுப்பெரிக்கவா சுள்ளி பெறக்கி வச்சிருக்க?"

இன்று சிறகோடு வெளியே வரும், நாளை வரும் என்று கண் பூத்துப்போனதுதான் மிச்சம். நேற்றுச் சாயங்காலமும் ஜாடிக்கு முன்னால்தான் படிக்க உட்கார்ந்தாள். எங்கிருந்தோ ஒரு அந்துப்பூச்சி வந்து அந்தத் துணியையே சுற்றிச் சுற்றி உயிரை வாங்கியது. விரட்டினாலும் போகவில்லை. இருந்த எரிச்சலில் ஒரே போடு போட்டுவிட்டுப் படிப்பைத் தொடர்ந்தாள்.

போன தடவை இந்தப் பிராக்டிகலில்தான் பெயில். இந்தத் தடவையும் போனால் படிப்பு இத்தோடு சரி என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

தேர்வாளர் வந்தார். காலிக் குப்பியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கத்தரியை எடுத்துச் சுள்ளிக்கூட்டை நெடுக வெட்டினார்.

உள்ளே கொழகொழவென்று மஞ்சளாக ஏதோ நெளிந்தது. சிறகு இல்லை. கால்கூட இல்லை.

"இன்னும் புழுவாத்தான் இருக்கு சார்," என்றாள்.

"புழு இல்லம்மா, இதான் பூச்சி. பொட்டை. இதுக்குச் செறகே மொளைக்காது, கூட்டை விட்டும் வராது. ஆண்தான் தேடிப் பறந்து வரும். கருப்பா, சின்னதா. ஜாடிப் பக்கம் ஒண்ணு வந்திருக்கணுமே, பாக்கலையா?"



மாயக்காள், அணைத்திருந்த பரீட்சை அட்டையை மெல்ல எடுத்து, திருப்பி, மேசைமேல் வைத்தாள். பின்பக்கத்தில், நசுங்கிய உடலோடு, இரண்டு கரிய சிறகுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

தேர்வாளர் குனிந்து அதைப் பார்த்தார். பிறகு இடுக்கியை எடுத்துக்கொண்டு, மூன்றாவது குப்பியின் மூடியைத் திறந்தார்.