மெய்யம்மையின் மலைகள்

பழனிக்கு நடந்து போகிறவர்கள், மலை முதன்முதலில் கண்ணில் படும் இடத்தில் நின்று அரோகரா போடுவார்கள். பார்வை மங்கிக்கொண்டே வந்த மெய்யம்மை, முழுக்க இருட்டுவதற்குள் அந்த மலையை ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று இந்தத் தைப்பூசத்துக்குப் புருஷன் வள்ளியப்பனோடு கிளம்பிவிட்டாள். ஊர் எல்லை தாண்டியதுமே ஒரு வைக்கோல்போரைப் பார்த்துக் கைகளைத் தூக்கி, "அரோகரா!" என்றாள். கூட வந்தவர்கள் விழிக்க, வள்ளியப்பன் கொஞ்சமும் யோசிக்காமல் தானும் "அரோகரா!" என்றார். அப்புறம் ஒரு கருமேகத்துக்கு, ஓர் அரிசி ஆலைக்கு, தார்ப்பாய் போட்ட லாரிக்கு. போகப் போகக் கூட்டமே சேர்ந்துகொண்டது. கத்திய ஒவ்வொரு தரமும், கொப்புளம் வெடித்த கால்கள் கொஞ்ச தூரம் வலி மறந்து எட்டிப் போட்டன.

ஒரு விடிகாலையில் கூட்டம் தானாகவே குரலெடுத்துக் கத்தியது. மெய்யம்மை கையைத் தூக்கவில்லை. புருஷனின் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"என்னங்க, இது நெசமாவே மலைதானா? இல்ல, இதுவும் எனக்காகத்தான் கத்துறீகளா?"

வள்ளியப்பன் அவள் கைகளைச் சேர்த்துப் பிடித்து மேற்கே திருப்பினார். கண் நிறைந்துவிட்டதில், அந்த நேரத்தில் அவருக்கும் மலை தெரியவில்லை.