முந்திரிக்கொட்டை

"நீங்க வேணும்னேதான் தப்பா சொல்றீங்க. உண்மையா, இல்லையா?"

நிகழ்ச்சி இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டாள். எதிரே, பாதி மேக்கப்போடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான் அந்த இளம் நகைச்சுவை நடிகன். செட்டில் அவனுக்கு முந்திரிக்கொட்டை என்றுதான் பெயர். கேள்வி முடிவதற்குள் பஸ்ஸரை அமுக்கி எதையாவது உளறிவைப்பான்.

"தெரியாமத்தான் சொல்றேன், மேடம்."

"சூரியன் எந்தத் திசையில உதிக்கும்னு கேட்டா, 'நான் எழுந்திருக்கறதுக்குள்ள அது உச்சிக்கு வந்துடுதே'ன்னு சொன்னீங்க."

"ஜனங்க சிரிச்சாங்களே, மேடம்!"

"சிரிச்சாங்க. கேள்வி எதிர்ப்பக்கம் போச்சு. பெரியவர் சாவகாசமா பதில் சொல்லி மார்க்கை அள்ளிட்டார். வாராவாரம் இதே கதை."

இந்த வினாடி வினா அவள் பெற்ற பிள்ளை மாதிரி. முதலில் பேராசிரியர்களை வைத்து எடுத்துப் பார்த்தாள். கேமராமேனே கொட்டாவி விட்டார். பிறகுதான் நகைச்சுவை நடிகர்கள் இரண்டு பேரை, பழுத்த அனுபவமுள்ள பெரியவரையும் இந்தப் பையனையும், எதிரெதிரே உட்கார வைத்தாள். யார் முதலில் பஸ்ஸரை அமுக்குகிறாரோ அவர் பதில் சொல்லலாம். தப்பென்றால் கேள்வி எதிராளிக்கு. அவர் பஸ்ஸரைத் தொடவே வேண்டாம். ஷோ பிய்த்துக்கொண்டு போனது.

இப்போது சேனல் தலைவர் கூப்பிட்டு, "ஆட்டத்துல ஏதோ தில்லுமுல்லுன்னு நேயர்கள் பேசிக்கறாங்க. யாருன்னு கண்டுபிடிங்க, இல்லைன்னா கடையைக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டார். சும்மாவே பால் பொங்கினால்கூட அடுப்பைக் கூட்டியது யார் என்று விசாரணை வைக்கிற ஆள் அவள். கேட்க வேண்டுமா?

"நடிக்க வர்றதுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

"ஸ்கூல்ல... சயின்ஸ் வாத்தியார்."

"வாத்தியாருக்குச் சூரியன் தெரியாதாக்கும்! பெரியவர் உங்களுக்கு என்ன தர்றேன்னார்? ஏதாவது படத்துல சான்ஸா?"

"ஐயோ, அவருக்கு ஒண்ணுமே தெரியாது, மேடம்! அவரை இதுல இழுக்காதீங்க."

பதறிவிட்டான். அந்தப் பதற்றம்தான் அவளுக்கு இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது. நேரே பெரியவரின் அறைக்குப் போனாள்.

"அவனா? சரியான அரைவேக்காடும்மா" என்று பொரிந்து தள்ளினார் பெரியவர். "கேள்வியை முழுசா கேக்கப் பொறுமை கிடையாது. எப்பவும் கேமரா அவன் மூஞ்சியிலேயே இருக்கணும். வேற நல்ல ஆளாப் பார்த்துப் போடு."

இதில் நடிப்பு இல்லை. திட்டுகிறபோது மட்டும் அவருக்கு நடிக்க வராது என்று ஊருக்கே தெரியும். ஆக, திருட்டுத்தனம் முழுக்க அந்தப் பையனுடையதுதான் என்று முடிவு கட்டினாள். கேமரா ஆசை யாரைத்தான் விட்டது!

"இன்னிக்கு ஒத்திகையில கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க" என்றாள் அவனிடம். "பஸ்ஸர் மேல விரல் பட்டுச்சுன்னா, உங்க நாற்காலியில நாளைக்கு வேற ஆள்."

"மேடம், ஒரே ஒரு கேள்விக்காவது..."

"ஒண்ணுக்கும் கூடாது."

அவன் மீதி மேக்கப்பைப் போட்டுக்கொள்ளப் போனான்.

ஒத்திகை தொடங்கியது. கண்ட்ரோல் ரூமில் திரைக்கு முன்னால் அவள் கண்ணை நட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தொகுப்பாளர் கேட்டார்: "தண்ணி கொதிச்சா என்னவா மாறும்?"

முந்திரிக்கொட்டை கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தான்.

பெரியவருக்குப் பதில் நாக்கு நுனியில் இருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கை பஸ்ஸரை நோக்கி வந்தது. வந்த கை நடுங்கியது. விரல்கள் அவர் பேச்சைக் கேட்காமல் பஸ்ஸருக்குப் பக்கத்து மேஜையைத் தட்டின. இன்னொரு கையால் அந்தக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தப் பார்த்தார். அதுவும் நடுங்கியது. அதற்குள் நேரம் முடிந்ததென்று மணி அடித்துவிட்டது.

"என்னப்பா... நான் இன்னும் யோசிச்சிட்டிருக்கேன், அதுக்குள்ளயா?" என்று சிரித்துச் சமாளித்தபடி இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார்.

செட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எதிரே இருந்தவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான்.

அவளுக்குச் சுருக்கென்றது. தப்பென்றால் எதிராளி பஸ்ஸரைத் தொடவே வேண்டாம். விதியை எழுதியவளுக்கே அது இப்போதுதான் புரிந்தது.

காதில் கேமராமேன் குரல் கேட்டது: "மேடம், பெரியவர் கையை க்ளோசப்ல எடுக்கட்டுமா? செம காமெடியா இருக்கு."

"வேண்டாம். கேமராவைத் தம்பி பக்கம் திருப்புங்க."

சேனல் தலைவருக்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொண்டையைச் செருமிக்கொண்டு, செட் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் அதட்டினாள்:

"தம்பி, என்ன, கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கறீங்க? முதல்ல பஸ்ஸரை அமுக்கி உளறத்தானே உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கோம்!"