உணர்ச்சி உள்ளது, நீக்கவும்

“கோபம் உள்ளது, நீக்கவும்” என்றது திரை.

விசா படத்தில் முகம் சும்மா இருக்க வேண்டும். என் ஸ்டூடியோவில் அதைச் சரிபார்க்கும் மென்பொருள் கொஞ்சம் கறார்.

படம் எடுக்க வந்திருந்த அம்மாவோ நாற்பது வருடம் மேடையில் ஆடியவர். முகத்தில் ஒன்றும் வேண்டாம் என்றால் சிரிப்பு வந்தது. அதைத் துடைத்தால் சோகம். அதையும் துடைத்தால் வீரம்.

கணவர் எதிரே ஸ்டூலில் இருந்தார். அழகியல் பேராசிரியர். அவர் படம் ஒரே கிளிக்கில் தேறிவிட்டது. வெளிநாட்டு மாநாட்டில் பேசப் போகிறார்; மனைவியும் கூட வர வேண்டுமாம்.

“ஆதியில சுவை எட்டுதான் தம்பி. ஒன்பதாவதா சாந்தத்தைச் சேர்க்கலாமா வேண்டாமான்னு பல நூறு வருஷம் அடிச்சுக்கிட்டாங்க” என்று எனக்கு வகுப்பெடுத்தார். பிறகு மனைவியிடம், “நீ சாந்தத்தைக் காட்டு” என்றார்.

காட்டினார்.

“அமைதி உள்ளது, நீக்கவும்.”

ஒன்பதாவதை மென்பொருளும் ஏற்றுக்கொண்டது என்று பேராசிரியர் குறித்துக்கொண்டார்.

சுவை ஆடுபவரிடம் இல்லை, பார்ப்பவர் மனதில்தான் இருக்கிறது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்களாம். நல்ல ரசிகன் யார் என்பதைத்தான் பேராசிரியர் முப்பது வருடமாக எழுதிவருகிறார். மாநாட்டிலும் அதே பேச்சுதான்.

“அப்போ தப்பு கம்ப்யூட்டர் மேலயா சார்?” என்றேன்.

பேராசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இருபது படம். முப்பது. வியப்பு, அருவருப்பு, இமையோரத்தில் மட்டும் துளி பயம். மென்பொருள் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த அம்மாவின் முகமோ ஒவ்வொரு சிவப்பு எழுத்துக்கும் மலர்ந்துகொண்டே போனது.

விசா அலுவலகம் மூட அரை மணி நேரம்தான் இருந்தது. பேராசிரியர் தன் படங்களை எடுத்துக்கொண்டு, மாநாட்டுக்குத் தான் மட்டும் போய்வருவதாகச் சொல்லிக் கிளம்பினார்.

கதவு மூடியதும் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இன்னொண்ணு எடுங்க தம்பி. இப்போ காதல்.”

உண்மையில் ஏழாவது படமே தேறிவிட்டது. பேராசிரியர் பேசியதை அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தபோது எடுத்தது. அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை.

பேச்சு மும்முரத்தில் பேராசிரியர் திரையைப் பார்க்கவில்லை. பச்சை எழுத்தைப் பார்த்து நான் வாயைத் திறந்தேன். சொல்லாதீங்க என்று அந்த அம்மா கண்ணாலேயே கெஞ்சினார்.

எனக்கே புரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்குப் புரியவில்லை.