முகக்கூலி

“சார், கொஞ்சம் சிரிச்ச முகமா சாப்பிடுங்க,” என்று குனிந்து கெஞ்சினான், பரிமாற வந்த தவசீலன். அந்நிய நகரத்து உணவகத்தில் தமிழ் கேட்டு நிமிர்ந்தார் மாசிலாமணி.

“டிப்ஸ் தனியா வச்சுடறேன் தம்பி.”

“இங்க காசு வாங்கக் கூடாது சார். மேசை கேமரா உங்க முகத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கூலி போடும். இன்னிக்கும் சிவப்பு எரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவாங்க.” அவன் காலரில் ஒரு விளக்கு மஞ்சளாக எரிந்தது.

“கல்யாணத்தன்னிக்கே இந்த மனுஷன் சிரிக்கல,” என்றாள் மனைவி சுலோசனா.

ஒருவன் பிழைப்பைத் தன் முகத்தில் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்களே என்று நினைக்க நினைக்க மாசிலாமணிக்கு அருவருப்பு ஏறியது. அது முகத்திலும் தெரிந்திருக்க வேண்டும்; விளக்கு சிவக்கத் தொடங்கியது. தவசீலன் ஊற்றிய குழம்பு மேசையில் சிந்தியது.

மாசிலாமணி உதடுகளை இழுத்துச் சிரித்தார். கடைசி வாய் வரைக்கும் சிரித்துக்கொண்டே விழுங்கினார். விளக்கு பச்சையானது. தவசீலன் கைகூப்பி வழியனுப்பினான்.

தெருவில் கால் வைத்ததும் ஓரமாகக் குனிந்து வாந்தியெடுத்தார். வாயைத் துடைத்தபடி திரும்பினால், வாசல் நிலையின் மேலிருந்து இன்னொரு கேமரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அப்பால், கூப்பிய கையை இன்னும் இறக்காமல் நின்ற தவசீலனின் காலர் சிவந்திருந்தது.