ஐந்து விநாடி தண்டனை

அச்சகத்தின் சாப்பாட்டு மேசையில் மதிய வெயில் சாய்ந்து விழுகிறது. பைண்டர் தன் பைக் சாவியைக் குற்றம் செய்த காராகவும், உப்பு டப்பாவை இடிபட்ட காராகவும் வைத்து நேற்றைய கார் பந்தயத்தை மறுபடி ஓட்டிக் காட்டுகிறார். "இடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போறான். அதுக்கு அவன் நேரத்துல வெறும் அஞ்சு செகண்ட் கூட்டுறதுதான் தண்டனையா? சாம்பியன் பட்டத்தையே தூக்கிக் குடுத்த மாதிரி ஆச்சே!" இடித்த அந்த வீரருக்காகத் தினமும் மல்லுக்கட்டும் மெஷின்மேன் இன்று சத்தமில்லாமல் உள்ளே வருகிறார். கையில் அவருடைய ஸ்கூட்டர் கண்ணாடி, நடுவில் விரிசலோடு. "காலைல நம்ம வாசல்ல நிறுத்தியிருந்தப்ப யாரோ இடிச்சு ஒடச்சிட்டுப் போயிட்டாங்கண்ணே," என்று அதை உப்பு டப்பாவின் பக்கத்தில் வைக்கிறார். "இன்னிக்கு நானும் உங்க கட்சிதான். இடிச்சவன் நின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்." மின்விசிறி கடகடக்கிறது. பைண்டருக்குக் காதுமடல் வரை சூடேறுகிறது. காலையில் அச்சக வாசலில் அவசரமாகப் பைக்கைத் திருப்பியபோது பின்னால் சடக்கென்று கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அஞ்சு செகண்ட் பத்தாதுதான், இல்லண்ணே?" என்கிறார் மெஷின்மேன். பைண்டரின் விரல் இன்னும் சாவியின் மேலேயே இருக்கிறது. "பத்தாது," என்று முனகியபடி அதை மெல்ல உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறார்.