யானைக்கால் பிரிவில் ஒரு கை

எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் மட்டும் கையை மறைத்துக்கொண்டிருந்தாள்.

வலது கை. முந்தானைக்குள் அது வேறு யாருடையதோ போலக் கனத்தது.

யானைக்கால் நோய்ப் பிரிவு என்று வாசலில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். வந்த பிறகும் சந்தேகம் போகவில்லை. தனக்கு இங்கே என்ன வேலை?

மார்பை எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. முடி திரும்ப வளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லி லீவு போட்டிருந்தாள். யாரும் துருவிக் கேட்கவில்லை.

பிறகு ஒரு நாள், சாக்பீஸைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள்.

ஒன்றுமில்லை என்றால் இந்தக் கை?

ஒரு டாக்டர் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் வயசு என்றார். புற்று திரும்ப வந்துவிட்டது, தன்னிடம் மறைக்கிறார்கள் என்றே அவள் நினைத்தாள். ஸ்கேன் அறை நர்ஸ்தான் பெரியாஸ்பத்திரியில் இந்தப் பிரிவுக்குப் போகச் சொன்னாள். வீக்கத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள் என்றாள்.

"டீச்சர்?"

பக்கத்தில் ஒரு பெண். இடது கால் முழங்கால்வரை பருத்து, தோல் தடித்துக் கறுத்திருந்தது.

"நான் வனரோஜா அம்மா டீச்சர். உங்ககிட்டதான் கணக்கு படிச்சா."

அவள் சிரிக்கப் பார்த்தாள். முந்தானை நழுவியது. வனரோஜாவின் அம்மா கையைப் பார்த்துவிட்டாள்.

"உங்களுக்கும் கொசுவா?"

எதைச் சொல்வது? எதைச் சொன்னாலும் ஊருக்குள் போய்விடும். இந்த நோயா, அந்த நோயா? எது தேவலாம்?

தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா, இல்லை என்றா, அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே பேசின்களும் சோப்பும் இருந்தன. காலைக் கழுவி, விரலிடுக்கில் ஈரம் ஒற்றச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வனரோஜாவின் அம்மா குழாயடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். டேப்பை எடுத்து அவளுடைய இரண்டு கைகளையும் அளந்தாள். தோலை விரலால் அமுக்கினாள். குழி விழுந்தது. அது நிரம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மார்புல ஆபரேஷன் பண்ணப்ப அக்குள்லயும் எடுத்தாங்களாம்மா?"

குரலைத் தாழ்த்தாமல் கேட்டாள். குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"எடுத்தாங்க. ரேடியேஷன் கரண்டும் வெச்சாங்க."

"ம். நிணநீர்னு ஒண்ணு உடம்பெல்லாம் ஓடும்மா. கையிலேருந்து அது போற வழி அக்குள்லதான். அந்த வழிதான் உங்களுக்குப் போயிடுச்சு. அதான் வீக்கம்."

"கொசுவால வர்றதும்…"

"அவங்களுக்குப் பூச்சி அடைச்சிடுச்சு. உங்களுக்கு ஆபரேஷன்ல எடுத்தாச்சு. தண்ணிக்கு அதெல்லாம் தெரியுமா? போக வழி இல்லன்னா நின்னுடும்."

ஆபரேஷன் செய்த இடத்தில் இதை ஏன் யாரும் சொல்லவில்லை?

"அப்ப, திரும்ப வரலியா?"

"ஸ்கேன்லதான் ஒண்ணுமில்லையே. இது அது இல்லம்மா."

"சரியாயிடுமா?"

"குறையும். முழுசாப் போகாது. தெனம் பாத்துக்கணும். இந்தக் கையில ஊசி போட விடாதீங்க. சிவந்து, காய்ச்சல் அடிச்சா அன்னைக்கே வந்துடணும்."

வரவில்லை. போகவும் போகாது.

சந்தோஷப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. யாரிடமாவது கேட்கலாம் போலிருந்தது.

அந்தப் பெண் எண்ணெய் தொடவில்லை, அழுத்தித் தேய்க்கவில்லை. கழுத்திலிருந்து தொடங்கினாள். தோலை மட்டும் மெல்ல நகர்த்தினாள். வீங்கியது கை, தொடுவது கழுத்து. அதுவும் விளங்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கத்தை யாரும் இவ்வளவு நேரம் தொட்டதில்லை.

பிறகு விரல் நுனியிலிருந்து தோள் பக்கம்வரை பஞ்சு சுற்றி, அதன்மேல் துணிக்கட்டு. கை இன்னும் பெரிதாகிவிட்டது. முந்தானைக்குள் அடங்கவில்லை.

அவளும் வனரோஜாவின் அம்மாவும் ஒரே பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள். சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா.

"என்ன டீச்சர், கையில இவ்ளோ பெரிய கட்டு?"

அவள் முந்தானையை இழுத்துக் கட்டை மூடப் பார்த்தாள்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க சார்," என்றாள் வனரோஜாவின் அம்மா. "எலும்புக்கு ஒண்ணுமில்ல. பத்து நாள்ல பிரிச்சிடுவாங்களாம்."

சாதாரணமாகச் சொன்னாள். அவள் பக்கம் திரும்பவில்லை.

அப்படியென்றால் கேட்டிருக்கிறாள். குழாயடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அடடா, பாத்து இருக்கக் கூடாதா டீச்சர்," என்றார் அவர். அவர் பார்வை கைக்கட்டிலிருந்து இறங்கியது. வனரோஜாவின் அம்மாவின் காலில் போய் நின்றது. வண்டியைக் காலால் உந்திக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

வனரோஜாவின் அம்மா சேலையை இழுத்துவிட்டாள். அது கணுக்கால்வரை எட்டவில்லை.

அந்தக் காலுக்குச் சொல்ல ஒரு பொய்யும் கிடையாது.

"அப்ப வரேன் டீச்சர். ஒடம்பப் பாத்துக்குங்க." அவர் வண்டியைத் திருப்பினார்.

"சார்."

அவர் நின்றார்.

"நான் விழல," என்றாள் அவள்.