பதினாலாவது நிபந்தனை

ஆஸ்பத்திரி முதலாளி முஷ்டியை மடக்கி மேஜை மேல் வைத்தார். அவ்வளவுதான், எதிரே உட்கார்ந்திருந்த புது டாக்டர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

படித்து முடித்த கையோடு அவளுக்குக் கிடைத்திருக்கும் முதல் வேலை இது. கிடைத்தது என்று எங்கே சொல்வது, இன்னும் கையெழுத்தே ஆகவில்லை. ஆறு பக்க ஒப்பந்தத்தில் ஐந்து பக்கத்துக்கும் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டாள்.

பதினாலாவது நிபந்தனை. முதலாளி எழுத்தில் அனுமதி தராமல் எந்த நோயாளியையும் வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கூடாது.

"சார், இதை மட்டும் எடுத்துடலாமா?" என்று கேட்டுவிட்டாள்.

கேட்காமலும் இருக்க முடியவில்லை. அவள் பயிற்சி டாக்டராக இருந்த இடத்திலும் இப்படி ஒரு விதி இருந்தது. அனுமதிக்காகக் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் ஒரு நோயாளி கண்ணெதிரே போய்ச் சேர்ந்தார். அவருடைய மகள் அழக்கூட அழாமல் இவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை இன்னும் இவளைத் தூங்கவிடுவதில்லை.

முதலாளி ஆரம்பத்தில் சத்தமாகத்தான் பேசினார். கட்டடம் கட்டி விற்றுக்கொண்டிருந்தவர், இப்போது ஆஸ்பத்திரி நடத்துகிறார். ஐந்து மாடி, நாலு ஆபரேஷன் தியேட்டர், வெளிநாட்டு மெஷின் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினார்.

"இங்க இல்லாதது வேற எங்கம்மா இருக்கு? நம்மகிட்ட வந்தவங்க நம்மகிட்டயே குணமாகிப் போகணும். பதினாலுல கை வைக்க முடியாது."

அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது. தாடையை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்.

அந்த மௌனத்தில்தான் அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'இடி'. உள்ளே வரும்போதே, வரவேற்பில் இருந்த அக்கா காதோடு காதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்: "சார் கத்தினா கவலைப்படாதீங்க டாக்டர். பேசாம இருந்தாத்தான் பயப்படணும். போன வாரம் ஒருத்தரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினாரு."

இடி இப்போது சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுக்கொண்டது. நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. ஏசி குளிரில் அவளுக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. மனுஷன் எவ்வளவு கொதித்துப்போயிருந்தால் இந்தக் குளிரிலும் வியர்க்கும்! பாழாய்ப்போன வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டில் அம்மா இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், கூட்டிக்கொண்டு போக இவளை விட்டால் ஆள் இல்லை. ஊரில் மற்ற இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் இடமில்லை என்று கைவிரித்தாகிவிட்டது. இதுவும் போனால் எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டிய ஓர் ஊரில்தான் வேலை. அம்மாவை யார் தலையில் கட்டிவிட்டுப் போவது?

கொஞ்சம் இறங்கி வந்து பார்த்தாள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் போனில் கேட்டால் போதும் என்று மாற்றிக்கொள்ளலாமா என்று மென்று விழுங்கிக் கேட்டாள்.

அவர் டிராயரைத் திறந்து ஏதோ மாத்திரையை எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் கடித்துத் தின்றார். பிறகு இடது தோளை நீவிவிட்டுக்கொண்டார். சண்டைக்கு இறங்கப்போகிற பயில்வான் மாதிரி இருந்தது அவளுக்கு.

"போடறதுன்னா போடும்மா," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "இல்லன்னா..."

முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. இல்லையென்றால் என்ன என்பதுதான் அவளுக்கே தெரியுமே.

பேனாவை எடுத்தாள். அந்த மகளின் முகம் வந்து நின்றது. பிறகு அம்மாவின் முகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தைப் போட்டாள். போட்ட கையெழுத்தைப் பார்க்கவே அவமானமாக இருந்தது.

காகிதத்தை அவர் பக்கம் தள்ளினாள். அவர் எடுக்கவில்லை. இன்னுமா கோபம் என்று பயந்துகொண்டே நிமிர்ந்தாள்.

வேலை கேட்டு வந்தவளாக இல்லாமல், ஒரு டாக்டராக அவள் அவரைப் பார்த்தது அப்போதுதான். உதடு சாம்பல் பூத்திருந்தது. மடக்கிய முஷ்டி நடு நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. அரை மணி நேரமாகக் கோபம் கோபம் என்று அவள் நடுங்கியது எதுவுமே கோபம் இல்லை. மாரடைப்பு அவள் கண்ணெதிரே தவணை முறையில் வந்துகொண்டிருந்திருக்கிறது. ஐந்தரை வருஷம் படித்த படிப்பு எங்கே போயிருந்ததோ.

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். அவர் கையைப் பிடித்துப் பார்த்தால், நாடி நூல் மாதிரி மெலிதாக ஓடியது. கதவைத் திறந்து வரவேற்பு அக்காவிடம் ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொன்னாள். குரலில் நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

திரும்பி வந்து அவரை நாற்காலியிலேயே பின்னால் சாய்த்து உட்கார வைத்தாள். "பயப்படாதீங்க சார். கீழ நம்ம எமர்ஜென்சிக்குத்தான் போறோம். ரெண்டே நிமிஷம்."

அதைக் கேட்டதும் அவர் கண்கள் அகன்றன. அவ்வளவு வலியிலும் வராத பயம் அப்போதுதான் அந்த முகத்தில் வந்தது. ஒரு கையால் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கை மேஜை மேல் பேனாவைத் தேடித் துழாவியது.

"நான் எழுதித் தரேன்மா... என்னை வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடு."